சந்திர மெயிலில் அறுபத்து நாலு பேர்

சந்திரனுக்கு ரயில் விட வேண்டும் என்று செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே காலனியில் யாரும் கேட்கவில்லை. மௌலாலிக்குக் காலையில் இன்னொரு வண்டி விடுங்கள் என்றுதான் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒர்க்‌ஷாப் டைம்கீப்பர் வேதாசலம் சந்திரனுக்கே விட்டார். காகிதத்தில்தான். ரத்து செய்யப்பட்ட ஆஜர்ப் பட்டியல்களின் முதுகில், பதினோரு வாரம் எழுதி, ஒரு விஞ்ஞான நாடகம்.

யோசனை அவருடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் எல்லோரும் மறந்துபோவார்கள். அது தாயம்மாளுடையது.

தாயம்மாள் சாம்பல் குழியில் வேலை செய்தாள். ஓடிக் களைத்து வரும் இஞ்சின்கள் நெருப்பை இறக்கிவிட்டுப் போகும் குழி அது. சாம்பலை வாரிக் கூடையில் போட்டு, வேகாத கரியைப் பொறுக்கித் தனியாக வைப்பது அவள் வேலை. கண்டிராக்ட் கூலி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தன் வயதை அவளே ஆளுக்கு ஒன்றாகச் சொல்வாள். சாம்பலைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும், அந்த இஞ்சினை ஓட்டியவன் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். “இவன் அவசரக்காரன், கரி பாதி வேகல. இவன் காஜிப்பேட்டையில தூங்கிட்டான். இவன் பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்திருக்கான், பாருங்க, ஒரே எடத்துல கொட்டி வச்சிருக்கான்.” விசாரித்தால் சரியாகவே இருக்கும்.

வேதாசலத்தின் ஜன்னல் குழியைப் பார்த்தாற்போல் இருந்தது. ஒரு நாள் பிற்பகல் நாலு மணிக்கே சந்திரன் வெளுத்துப்போய் வானத்தில் வந்து நின்றது. தாயம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“அதுவும் சாம்பல்தான், டைமு ஐயா. பெரிய இஞ்சின் ஏதோ அங்க நின்னு நெருப்ப எறக்கிட்டுப் போயிருக்கு. கிட்டப் போய்ப் பாத்தா எந்த டிரைவருன்னு சொல்லிடுவேன்.”

“போறியா?”

“வண்டி விட்டா போறேன். நடந்தெல்லாம் நக்கோ, வேணாம்.” அவள் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வேதாசலம் வீட்டுக்குப் போய் முதல் வரியை எழுதினார். ‘வண்டியின் பெயர் சந்திர மெயில். டிரைவர் பெயர் தாயம்மாள்.’ மறுநாள் அதை அவளுக்குப் படித்துக் காட்டினார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. “என் பேரு எங்க இருக்கு?” என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். சாம்பல் ரேகை அப்படியே ஒட்டிக்கொண்டது.

“மாத்த மாட்டீங்களே?”

“சத்தியமா மாத்த மாட்டேன், தாயம்மா.”

மத்தியானத்துக்குள் குழி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தாயம்மாள் டிரைவராம், சந்திரனுக்காம், ஆயுத பூஜைக்கு நாடகமாம்.

எழுதி முடித்தாலும், நாடகம் போட வேண்டுமானால் சபையிடம் போக வேண்டும். லாலாகுடா தமிழர் நன்னெறிக் கலாபிவிருத்தி சபை என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகை இரண்டு ஜன்னல்களை மறைத்துக்கொண்டிருந்ததால் உள்ளே பகலிலும் விளக்கு எரியும். சபையை ஆரம்பித்த புண்ணியவானுக்கு விதிமுறை எழுதத் தெரியவில்லை. பக்கத்தில் ஒர்க்‌ஷாப் விதிப்புத்தகம் இருந்தது. அதையே எடுத்துத் தமிழில் எழுதி, ‘இஞ்சின்’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘கலை’ என்று போட்டுவிட்டுக் காலமானார். இருபத்தாறு வருஷமாகச் சபை அந்தப்படியே நடந்து வந்தது.

சபைத் தலைவர் உலகநாதன் ஸ்டோர்ஸ் ஹெட்கிளார்க். ஆணி கேட்டால்கூட மூன்று பிரதியில் மனுக் கேட்பவர். வேதாசலத்தின் காகிதக் கட்டை வாங்கி முதலில் கையில் தூக்கி எடை பார்த்தார்.

“புராணமா, சமூகமா?”

“விஞ்ஞானம், சார்.”

“மனு பாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. சந்திரன் தெய்வமா, இல்லையா?”

“தெய்வம்தான், சார். ஆனா இதுல வந்து...”

“தெய்வம்னா புராணம். ரயில் வேற வருது.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார்: ‘புராணம். புகைவண்டி சம்பந்தப்பட்டது.’ பிறகு எழுந்து நின்றுகொண்டார். எதிரில் ஒரு ஆள் இருந்தாலும் அவர் பிரசங்கத்தை உட்கார்ந்து செய்வதில்லை.

“வேதாசலம், கலை என்பது என்ன? கலை என்பது ஜனங்களைத் திருத்துவது. ஜனங்கள் திருந்திவிட்டார்களா என்று நீர் கேட்கலாம். திருந்தவில்லை. அதனால்தான் சபை இன்னும் நடக்கிறது. விதி இரண்டு என்ன சொல்கிறது? ‘ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு கலையும் முழுவதும் பிரிக்கப்பட்டு, பாகங்கள் மண்ணெண்ணெயில் துடைக்கப்பட்டு, அந்தந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட வேண்டும்.’ பிரிக்கிறோம்.”

பிரித்தார்கள். தையலை அறுத்து, நூற்றிருபது பக்கத்தையும் ஆறு கட்டாக்கி, ஆளுக்கு ஒன்றாக ஆறு பிரிவுக்குக் கொடுத்தார்கள். ஒரு பிரிவின் பக்கத்தை இன்னொரு பிரிவு பார்க்கக் கூடாது. பாய்லர் ஆள் சக்கரத்தைத் தொடுவானா? முதல் பக்கத்தில் ஏதோ கறை இருக்கிறது என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். தாயம்மாளின் கட்டை விரல் போய்விட்டது. ஆறு பிரிவும், கடைசியில் ஆக்கியோனும் கையெழுத்துப் போட வேண்டிய மஞ்சள் அட்டையை வேதாசலத்திடம் நீட்டினார்கள். வேதாசலம் அதை மடியில் வைத்துக்கொண்டு, இடி விழுந்தவர்போல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் நாடகம் அரங்கேறப் போகிறது என்ற ஆசை மனசுக்குள் குறுகுறுவென்றது. அதையும் மறைப்பானேன்.

முதலில் கூப்பிட்டது ஒழுக்கப் பிரிவு. அதற்குப் பொறுப்பாளர் புருஷோத்தமன். சபைச் செயலாளரும் அவர்தான். சிறுவயதில் ஒரு நாடகத்தைப் பார்த்துக் கெட்டுப்போக இருந்ததாகவும், மயிரிழையில் தப்பியதாகவும், அன்றிலிருந்து எந்த நாடகத்தையும் முழுசாகப் பார்ப்பதில்லை என்றும் பெருமையாகச் சொல்வார்.

“சந்திரன் எவ்வளவு தூரம்?”

“ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் மைல், சார்.”

“மெயில் வேகம்?”

“மணிக்கு நாற்பது.”

புருஷோத்தமன் கணக்குப் போட்டார். முகம் சிவந்தது. “இருநூற்று நாற்பத்தெட்டு நாள்! ஒரு ஸ்திரீ, ஒரு ஃபயர்மேனோடு, ஒரே இஞ்சினில், இருநூற்று நாற்பத்தெட்டு ராத்திரி! ஐயா, உமக்கும் பெண் குழந்தை இருக்கிறதல்லவா?”

“அங்க ராத்திரி, பகல் கிடையாது, சார். ஆகாசம் எப்பவும் ஒரே மாதிரி...”

“எப்பவும் ராத்திரியா? அது இன்னும் மோசம்.”

ஃபயர்மேன் டிரைவரின் கூடப்பிறந்த அண்ணன் ஆனான். அண்ணன் தனியாக வந்தால் அண்ணி என்ன நினைப்பாள்? அண்ணியும் ஏறினாள். கரி அள்ளும் இடத்தில் அண்ணிக்குத் துணை வேண்டாமா? அண்ணியின் அம்மாவும் ஏறினாள். சந்திரவாசிகள் வாயில்லாமல் வெளிச்சத்தைக் குடித்து வாழ்கிறார்கள் என்று வேதாசலம் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் மிகவும் ரசித்து எழுதியிருந்தார். புருஷோத்தமன் அதன் ஓரத்தில் சிவப்புச் சாக்பீஸால் ‘வேட்டி உண்டா?’ என்று கேட்டிருந்தார். வேட்டி கட்டினார்கள்.

“கடைசியா ஒண்ணு. சந்திரனையே கதாநாயகன் மாதிரி புகழ்ந்திருக்கீர். அமாவாசை தோறும் லீவ் லெட்டர் இல்லாமல் வராமல் இருப்பவன் அவன். தொழிலாளிகள் பார்க்கும் நாடகம், ஞாபகம் இருக்கட்டும்.” சந்திரன் தன் தவறுக்கு வருந்தி நாலு வரி பாடுவதாகச் சேர்த்த பிறகுதான் அட்டையில் கையெழுத்து விழுந்தது.

அடுத்தது சர்வஜன சமத்துவப் பிரிவு. இதைத் தலைவரே தன் வசம் வைத்திருந்தார்.

“வேதாசலம், உம் வண்டியில் எத்தனை பேர்?”

“ரெண்டு பேர் இருந்தாங்க, சார். இப்ப நாலு.”

“நாலே பேரா! மற்றவர்கள் எல்லாம் பூமியில் கிடந்து சாக வேண்டுமா? நம் காலனியில் எத்தனை ஜில்லா ஆட்கள் இருக்கிறார்கள்! திருச்சிராப்பள்ளி விட்டுப்போனால் தஞ்சாவூர் சந்தோஷப்படும். தஞ்சாவூர் விட்டுப்போனால் திருநெல்வேலி சந்தா கட்டாது. கலை என்றால் எல்லோரையும் அணைத்துக்கொள்ள வேண்டும், ஐயா. ஒருவரையும் விடக் கூடாது!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொண்டார்.

ஜில்லாவுக்கு இரண்டு பேர், ஒர்க்‌ஷாப் பிரிவுக்கு ஒருவர், மாரெட்பள்ளியில் பங்களா வைத்திருக்கும் புரவலர்கள் தலா ஒருவர். அறுபத்து நாலு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம். வசனம் சமமாக இருக்கிறதா என்று ஆளுக்கொரு இரும்பு ஸ்கேலால் காகிதத்தில் அளந்து பார்த்தார்கள். சேலத்துக்கு ஏழரை அங்குலம், மதுரைக்கு ஏழேகால் அங்குலம் என்று தெரிந்ததும் மதுரைக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ‘ஐயகோ’ ஒன்று சேர்த்துக் கால் அங்குலத்தைச் சரிக்கட்டினார்கள்.

வேதாசலம் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “சார், எல்லாரும்னா... சாம்பல் குழி ஆளுங்களும்தானே? நம்ம டிரைவரே அந்தக் குழிதான்.”

உலகநாதன் அவரைப் பரிவோடு பார்த்தார். “எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் நம் கொள்கை. எல்லோரும் என்றால் யார் என்பது விதி நாலில் இருக்கிறது. சந்தா கட்டிய அங்கத்தினர். அவர்கள் கண்டிராக்ட் கூலிகள், ஆஜர்ப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாதவரைச் சேர்த்தால் பட்டியலில் இருப்பவருக்கு என்ன மரியாதை? அன்பு வேறு, அங்கத்தினர் வேறு.”

“அப்ப டிரைவர் பேரு?”

“அதைத்தான் பேசப்போகிறோம்.”

டிரைவர் வேஷத்துக்கு அடிதடி. இஞ்சினைச் செய்பவர்கள் நாங்கள், நாங்கள்தான் ஓட்டுவோம் என்றார்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள். ஓட்டுகிறவர்கள் நாங்கள், உங்களுக்கு விசில் ஊதத் தெரியுமா என்றார்கள் ரன்னிங் ஷெட்காரர்கள். மூன்று வாரம் இழுத்தது. ஒரு நாற்காலி கால் உடைந்தது. கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: யார் மனமும் புண்படாதபடி டிரைவர் வேண்டாம். வண்டி தானாகப் போகும். “விஞ்ஞானம்தானே, வேதாசலம்? தானாகப் போகாதா?”

வேதாசலத்துக்கு நாக்கு வரை வந்தது. ‘சார், டிரைவர் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம், என் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று. ஆனால் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அதில் ‘ஆக்கியோன்: வேதாசலம்’ என்று கடலை மிட்டாய் அளவு எழுத்தில் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். மஞ்சள் அட்டையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவர் சாம்பல் குழிப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்தார். வியர்த்து வழிந்தது. கேட்டுக்கு வருவதற்குப் பெயிண்ட் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு அரை மைல் நடந்தார். அப்படியும் ஒரு நாள் தாயம்மாள் பிடித்துவிட்டாள்.

“கைக்கு, ஏன் ஜன்னல சாத்துறீங்க? எப்ப பொறப்படுது நம்ம வண்டி?”

“ஆயுத பூஜை அன்னிக்கி.”

“என் பேரு இருக்குல்ல?”

வேதாசலம் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. தாயம்மாள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, குழியில் இருந்தவர்களிடம் சொல்லப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கடலை விநியோகம் முடிந்ததும், சாயங்காலம் ஐந்து மணிக்குச் சபை மண்டபத்தில் நாடகம். பாய்லர் ஷாப் மேஸ்திரி ஆரோக்கியசாமி தகரத்தில் வண்டி செய்திருந்தார். அழகான வண்டி. மூக்கு மேலே பார்த்தபடி, செயின் கப்பியில் தொங்கியது. பக்கத்தில் நின்று ஒருவர் செயினை இழுத்தால் வண்டி அப்படியே ஒரு ஆள் உயரம் எழும்பும். கீழே இரும்புச் சட்டியில் புகை. சந்திரனின் தரைக்கு நாலு கூடை சாம்பல் வேண்டும் என்று குழிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்தது தாயம்மாள். பின்வாசல் வழியாகத்தான்.

அறுபத்து நாலு பேரும் ஏறினார்கள். ஏறுவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது, யார் முதலில் ஏறுவது என்பதற்கும் ஒரு விதி இருந்தபடியால். அண்ணியின் அம்மா வேஷம் போட்ட ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஜன்னலில் சிக்கிக்கொண்டார். வேட்டி கட்டிய சந்திரவாசிகள் கூரை மேல். வருந்திப் பாட வேண்டிய சந்திரன் படிக்கட்டில். தலைவர் தலைமை வகிக்க வேண்டும், வண்டிக்கு வெளியே நின்றால் எப்படி? அவரும் ஏறினார். செயலாளர் அட்டையோடு ஏறினார். பின்பாட்டு, ஆர்மோனியம், திரை இழுப்பவர், வாசலில் டிக்கெட் கிழிப்பவர், எல்லோரும் ஏதோ ஒரு ஜில்லாக்காரர்கள். எல்லோரும் ஏறினார்கள். செயினை இழுக்க வேண்டிய ஆரோக்கியசாமி பாய்லர் ஷாப் பிரதிநிதி. அவரும் ஏறினார்.

வேதாசலத்தை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவர் மேடை ஓரத்தில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். நானூறு நாற்காலி. அங்கத்தினர் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. அங்கத்தினரில் பாதிப் பேர் மேடையில். மீதிப் பாதிப் பேர் தங்கள் ஜில்லாவின் இன்னொருவனுக்கு வேஷம் கொடுத்த கோபத்தில் வரவில்லை. நானூறும் காலி.

இல்லை, முன்வரிசையில் ஒரு நாற்காலியில் ஆள் இருந்தது. கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கி மடித்து, தாயம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தடுப்பதற்கு வாசலில் ஆள் இல்லை.

வண்டிக்குள்ளிருந்து தலைவரின் குரல் தகரத்தில் எதிரொலித்தது. “மகாஜனங்களே! எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இதோ புறப்படுகிறது சந்திர மெயில்! ஒருவரையும் நாம் விடவில்லை!”

அறுபத்து நாலு பேரும் ஒரே சமயத்தில் தங்கள் ஏழரை அங்குலத்தைச் சொன்னார்கள். ‘ஐயகோ’ மட்டும் தெளிவாகக் கேட்டது. புகை வந்தது. வண்டி அசையவில்லை.

“புறப்படலாம்!” என்றார் தலைவர் மறுபடியும்.

செயின் தேமே என்று தொங்கியது. உள்ளே இருமல் தொடங்கியது.

தாயம்மாள் முன்வரிசையிலிருந்து கேட்டாள். “ஹவ், ஆமா, எல்லாரும் ஏறிட்டீங்க. யாரு ஓட்டறது?”

புருஷோத்தமனின் கை மட்டும் ஒரு ஜன்னல் வழியாக வெளியே வந்தது. கையில் மஞ்சள் அட்டை. “எல்லாப் பிரிவும் கையெழுத்துப் போட்டாச்சு. விதிப்படி வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. சந்திரன் வந்தாச்சு என்று பதிவு செய்கிறேன்.” உள்ளே கைதட்டினார்கள். நெருக்கத்தில் யார் கையை யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

தாயம்மாள் எழுந்து மேடை விளிம்பை ஒட்டிப் போய் நின்றாள். வண்டிக்கு அடியில் இருந்த புகைச் சட்டிக்குள் கையை விட்டு எதையோ எடுத்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். ஈர மரத்தூள். அவள் முகம் சுருங்கியது.

“இது ஓடுன வண்டி இல்ல, டைமு ஐயா. நெருப்பே போடல. சும்மா பொக காட்டுறாங்க.”

வேதாசலத்துக்குக் காது சூடேறியது. அவளிடம் சொல்ல வேண்டியதை இனியும் தள்ள முடியாது.

“தாயம்மா, உன் பேரை எடுத்துட்டாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்.”

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். “கொண்டாந்து காட்டறப்பவே கேட்டேன், மாத்த மாட்டீங்களேன்னு,” என்றாள். பிறகு திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். போய்விடவில்லை. அதுதான் வேதாசலத்தை என்னவோ செய்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

அவர் மேடையிலிருந்து இறங்கினார். நூற்றிருபது பக்கமும் ஆறு கட்டாகப் பிரிந்து மண்ணெண்ணெய் நாற்றத்தோடு எங்கோ கிடந்தது. ஆனால் பதினோரு வாரம் எழுதியவருக்குக் காகிதம் எதற்கு? முன்வரிசையில் அவள் எதிரே ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“வண்டியின் பெயர் சந்திர மெயில்,” என்றார். “டிரைவர் பெயர் தாயம்மாள்.”

அவள் நிமிர்ந்தாள்.

“தாயம்மாள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்தாள். பிரேக்கைத் தளர்த்தினாள். லாலாகுடா, மாரெட்பள்ளி, செகந்திராபாத் எல்லாம் கீழே சாம்பல் கூடை அளவுக்குச் சின்னதாகிப் போயின...”

தகர வண்டியில் இருமல் நின்றது. ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன. சேலம், மதுரை, அண்ணியின் அம்மா. கூரை மேல் இருந்த சந்திரவாசிகள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள். தலைவர் எங்கோ அடியிலிருந்து, “கொஞ்சம் உரக்க, ஐயா, இங்கே கேட்கவில்லை,” என்றார்.

வேதாசலம் நிறுத்தினார்.

தாயம்மாள் வண்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு காலை இன்னும் நன்றாக மடித்துக்கொண்டு, கூடையை நகர்த்தி அவர் காலுக்கு இடம் விட்டாள்.

“அவங்க கெடக்குறாங்க, நீங்க சொல்லுங்க,” என்றாள். “இப்பதான் நெருப்பு பத்தியிருக்கு.”